நூரியின் குஞ்சுகள் அடங்கிய நேரம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம், பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை. மதுரை காளவாசலில் செங்கல் சூளைகள் புகைந்துகொண்டிருந்தன. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு ஜட்கா வெளிப்பட்டு நல்லகாமன் வீட்டு வாசலில் நின்றது. வண்டியோட்டி வந்தவர் சிக்கந்தர். உள்ளே ஒரு பெண்ணும் அவள் மடியில் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

நல்லகாமன் எழுமலைக்காரர். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. சிக்கந்தர் அதற்கு நேர்மாறு. நாற்பத்தைந்து வயதாகியும் குதிரையைவிட வாய் முந்தி ஓடும். நல்லகாமன் எந்த வழக்கில் தலையிட்டாலும் அது தன் வழக்கு என்றே நினைத்துக்கொள்வார். இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று கேட்டால் இருவருக்குமே தெரியாது.

"அண்ணே, இது முத்துத்தாய். மருதுவோட சம்சாரம். புறாக்கார சேக் இஸ்மாயில் பாய் செத்துட்டாருல்ல, அதுக்கு மருதுவத்தான் புடிச்சு உள்ள வெச்சிருக்காங்க. நாளைக்கழிச்சு கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்களாம்" என்றார் சிக்கந்தர், வண்டியை விட்டு இறங்குவதற்குள்.

முத்துத்தாய் அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு பதினாறு வருசமா அந்த வீட்டுல புறா மேய்க்கிறாரு. மொதலாளி மேல ஒரு தூசி விழ விட்டதில்ல. அவரத் தூக்குல போட்டுருவாகன்னு ஊரெல்லாம் பேசுறாக. அந்த வீட்டு அம்மாவே நம்பல. இத்தாவுல இருக்கிறதுனால வெளிய வர முடியலன்னு என்னைய உங்ககிட்டப் போகச் சொன்னாக."

புருஷனை இழந்த முஸ்லிம் பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்கள் முன் தோன்றாமல் இருக்கும் துக்கக் காலம்தான் இத்தா. கொலை செய்யப்பட்டவரின் மனைவியே கொலைகாரனாகப் பிடிபட்டவனுக்காக ஆள் அனுப்புகிறாள் என்பதை நல்லகாமன் மனதில் குறித்துக்கொண்டார்.

"மருதுவப் பாத்தியாம்மா? என்ன சொன்னான்?"

"நேத்து பாத்தேங்கய்யா. தன்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. 'நூரியோட குஞ்சுக ரெண்டும் எரை தின்னுச்சா, யாரு குடுத்தா'ன்னு அதையே கேக்குறாரு. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. நம்ம பிள்ளைகளக் கேக்காம புறாக் குஞ்சக் கேக்குறியேய்யான்னு திட்டிட்டு வந்துட்டேன்."

நல்லகாமன் பிள்ளைகளைப் பார்த்தார். மூத்தது ஜட்காவின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வண்டியத் திருப்பு, சிக்கந்தர்" என்றார்.

போகும் வழியில் சிக்கந்தர் நடந்ததைச் சொன்னார். காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் சேக் இஸ்மாயிலின் மாடி வீடு. கீழே பித்தளைப் பாத்திரக் கடை, மேலே மொட்டை மாடியில் புறாக்கூடு. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு தேடித் திரும்பும் சாதிப் புறாக்கள். அண்ணனும் தம்பி சுலைமானும் சேர்ந்து வளர்த்தவை. ஆனால் அண்ணனுக்கு வயதாக ஆக அந்த ஆசை விட்டுவிட்டது. பந்தயம், பேச்சு, தெருச் சண்டை எல்லாம் போதும் என்று மொத்தப் புறாவையும் கொழும்பு வியாபாரி ஒருவருக்கு விற்கப் பேசிவிட்டார். வியாபாரி ஒரு நிபந்தனை போட்டார். கூட்டிலேயே சிறந்த புறாவான நூரி, சென்னைப் பட்டணத்தில் காலையில் விட்டால் அன்று பகலுக்குள் மதுரை சேர வேண்டும். சேர்ந்தால் கூட்டையே எடுத்துக்கொள்வார்.

"வெள்ளிக்கிழம ராத்திரி ரயில்ல சுலைமான் நூரியக் கூடையில வெச்சு எடுத்துட்டுப் போனாரு. தெருவே ஸ்டேசனுக்குப் போயி வழியனுப்பிச்சு. நானுந்தேன் போனேன். சனிக்கிழம ராத்திரி இங்க பாய் செத்துப்போயிட்டாரு. மாடியில இருந்து முத்தத்து ஆட்டுரல்ல விழுந்திருக்காரு. சட்டை கிழிஞ்சிருக்கு, யாரோடயோ மல்லுக்கட்டுன மாதிரி. மேல புறாக்கூடு தொறந்து கெடக்கு, பக்கத்துல மூணு காலிக் கூடை. சனம் ஓடி வந்து பாத்தா மருது பொணத்த மடியில வெச்சு உக்காந்திருக்கான், கையெல்லாம் ரத்தம்."

"புறாவத் திருட வந்தவன் பாய்கிட்ட மாட்டிக்கிட்டான்."

"அதேதான் போலீசும் சொல்லுது. அன்னைக்குச் சாயங்காலந்தான் மருது எல்லாரும் கேக்க, 'இந்தப் புறாக்கள வித்தா இந்த வீட்டுல சாவு விழும்'னு கத்தியிருக்கான். வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டானா? நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க."

தன் வாயைப் பற்றி சிக்கந்தருக்கு என்ன அபிப்பிராயம் என்று நல்லகாமன் கேட்கவில்லை.

"புறா மேல அம்புட்டு ஆசை உள்ளவங்க அந்த வீட்டுல எத்தனை பேரு?"

"ரெண்டு பேருதேன். மருது, சுலைமான். சுலைமானுக்குக் கல்யாணங் காச்சி கெடையாது. புறாதான் பொண்டாட்டி பிள்ளை எல்லாம். ஆனா அவருதான் மெட்ராஸ்ல இருந்தாரே. ஞாயித்துக்கிழம காலையில ஆறு மணிக்கு அங்கருந்து தந்தி குடுத்திருக்காரு, 'நூரி கிளம்பிவிட்டது'ன்னு. மத்தியான லுஹர் பாங்கு சொல்லும்போது நூரி வந்து மாடியில எறங்குது. அண்ணன் மய்யித்தக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க, அந்த நேரத்துல. தெருவே பாத்துச்சு."

சந்துக்குள் ஜட்கா நுழைய முடியாததால் முனையில் இறங்கி நடந்தார்கள்.

துக்க வீட்டில் பேச்சு தாழ்ந்த குரலில்தான் நடந்தது. சேக் இஸ்மாயிலின் ஒரே மகள் லத்தீபா அவர்களை உள்ளே அழைத்து ஒரு பாயை விரித்தாள். கல்யாணமாகி அடுத்த தெருவில் வாழ்பவள். அத்தா இறந்ததிலிருந்து அம்மாவுக்குத் துணையாக இங்கேயே இருக்கிறாள். உள்ளறை வாசலில் பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் அஜ்மல் பீவி இருந்தார்.

"உங்க பேரக் கேள்விப்பட்டிருக்கேன்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தளர்ந்த குரல். "மருது எங்க வீட்டுல வளந்தவன். அன்னைக்கு ராத்திரி கீழ கடையிலதான் படுத்திருந்தான். அவரு விழுந்த சத்தம் கேட்டு மொத ஆளா ஓடுனது அவன்தான். தூக்கி மடியில வெச்சிருக்கான். வெச்சதுதான் குத்தமாப் போச்சு."

"சத்தம் கேட்டதும் வேற யாரையும் பாத்தீகளாம்மா?"

"நான் எழுந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. மேல யாரும் இல்ல. பக்கத்து மாடியெல்லாம் இதோட ஒட்டித்தான் இருக்கு. ஓடுறவனுக்கு வழியா இல்ல?"

"ஞாயித்துக்கிழம நடந்தத உங்களுக்கு ஞாபகம் உள்ளபடி சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சரி."



"என்னத்தச் சொல்ல. விடியக்காலம் மருதுவப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. வீடு நிறைய சனம். இந்த அறைக்கு நேர் மேலதான் நூரியோட கூடு. தாய் போனதுல இருந்து மருதுதான் கம்பு மாவு கொழச்சு அந்தக் குஞ்சுகளுக்குக் குடுத்துட்டு இருந்தான். அவனும் போயிட்டானா, குஞ்சு ரெண்டும் கத்துது கத்துது, அப்படிக் கத்துது. சனம் அழுகுற சத்தத்துக்கு மேல அது கேட்டுச்சு எனக்கு. எனக்கு அப்ப வந்த ஆத்திரத்துல யாராச்சும் அதக் கழுத்தத் திருகிப் போடக் கூடாதான்னு நெனச்சேன். அல்லா மன்னிக்கணும். பாங்கு சொல்லி முடியுது, கத்தல் நின்னுபோச்சு. அப்புறம் சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் ஒரு சத்தம் இல்ல. நூரி வந்துட்டா போலன்னு நெனச்சேன்."

"குஞ்சுகளோட அப்பன் புறா?"

"அதப் போன மாசமே வல்லூறு தூக்கிட்டுப் போயிருச்சுங்க" என்றாள் லத்தீபா. "நூரி ஒத்தையாத்தான் வளக்குது. பிள்ளைய விட்டுட்டு வந்த தாய் வேகமாத் திரும்பும்னுதான் சுலைமான் சச்சா இத எடுத்துட்டுப் போனாரு."

"நூரி எறங்குனத யாரு கிட்டத்துல பாத்தா?"

"நான்தான். மய்யித்து வீட்டுல ஆம்பளைங்க எல்லாம் கீழ. தந்தி வந்துருச்சுன்னதும் நான் மாடிக்குப் போய் நின்னேன். அத்தா உசுரோட இருந்தா எம்புட்டு ஆசையா நிப்பாரு. எறங்குச்சு, றெக்கைய ஒரு தடவை ஒதறுச்சு. தண்ணிச் சட்டிய அதுக்காகவே நெறச்சு வெச்சிருந்தேன். அதத் தாண்டி நேரா கூட்டுக்குள்ள போச்சு. திருச்சியில இருந்து விட்டப்பவெல்லாம் தண்ணிச் சட்டியில தலைய முக்குனா எடுக்காது. இந்தத் தடவ பிள்ளைங்க நெனப்புல தண்ணியக்கூட மறந்துருச்சு பாருங்கன்னு மருது சம்சாரத்துக்கிட்ட நான் சொன்னேன்."

அவள் அழுதாள். நல்லகாமன் அவள் முடிக்கும்வரை காத்திருந்து, மாடிக்குப் போகலாமா என்று கேட்டார்.

மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். கீழே முற்றத்தில் ஆட்டுரலைக் கழுவி வைத்திருந்தார்கள். புறாக்கூட்டின் முன் ஒரு மெலிந்த மனிதர் குந்தியிருந்து தானியம் இறைத்துக்கொண்டிருந்தார். புறாக்கள் அவர் தோளிலும் முழங்காலிலும் ஏறி நின்றன. அவர்தான் சுலைமான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. அது நடிப்பில்லை என்று நல்லகாமனுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அதுதான் அவருக்குச் சங்கடமாகவும் இருந்தது.

"நேத்துக் காலையிலதான் ரயில்ல வந்து எறங்குனேன். ஸ்டேசன்லதான் எனக்குச் சேதி. அண்ணனுக்கு மண்ணு போடக்கூடக் குடுத்து வெக்கல" என்றார் சுலைமான்.

சிக்கந்தரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "மெட்ராஸ்ல இருந்து ஒரே மூச்சுல வந்துருச்சே பாய், அது எப்படி? நமக்கு ரயில்ல ஒரு ராத்திரி பூரா ஆகுதே."

சுலைமானின் முகம் மாறியது. துக்கத்துக்கு நடுவிலும் அவர் விரும்பும் பேச்சு அது ஒன்றுதான்.

"ரயிலு விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல்னு வளைஞ்சு வளைஞ்சு வருது. முந்நூறு மைலுக்கு மேல. புறாவுக்கு ஏது வளைவு? எழுந்து ஒரு வட்டம் போடும், தெக்க திரும்பும், அம்புட்டுத்தேன். நேர் கோட்டுல எரநூத்தி அறுவது மைலு. நல்ல புறா மணிக்கு நாப்பது மைலு தாராளமாப் போகும். விடிஞ்சதும் விட்டா லுஹருக்கு வீடு. நூரி ஒரு நொடி பிந்தல."

"அம்புட்டுத் தூரம் பறக்கணும்னா வயித்துக்கு நல்லாக் குடுத்து விடணும்ல?" என்று கேட்டார் நல்லகாமன்.

சுலைமான் லேசாகச் சிரித்தார். "புறாவத் தெரியாதவங்க எல்லாம் அப்படித்தான் கேப்பாங்க. முந்தின நாள் சாயங்காலம் ஒரு பிடி தானியம், அதோட சரி. காலையில ஒரு வாய் தண்ணி. இரைப்பையில பாரம் இருந்தா றெக்கை இழுக்காது. நெறஞ்ச வயித்தோட தூரத்துக்கு விடுறவன் புறாக்காரனே இல்ல."

"நூரிக்கும் அப்படித்தானா?"

"அப்படித்தான். வெறும் வயிறு."

நல்லகாமன் தலையசைத்துவிட்டு நூரியின் கூட்டருகே போனார். சாம்பல் நிறத்தில் கழுத்தில் நீலம் மின்னும் பெட்டைப் புறா. அதன் சிறகுக்கடியில் மயிர் முளைத்தும் முளைக்காத இரண்டு குஞ்சுகள் கிடந்தன. கூட்டின் ஓரத்தில் வைக்கோலுக்கும் எச்சத்துக்கும் இடையில் ஒட்டிக்கிடந்த எதையோ அவர் நகத்தால் நெம்பி எடுத்துக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டார். சுலைமான் அப்போது வேறொரு புறாவின் இறக்கையை விரித்து சிக்கந்தருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

படியிறங்கும்போது லத்தீபாவிடம் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, இந்த வீட்டுல புறாவுக்கு என்னென்ன குடுப்பாங்க?"

"கம்பு, சோளம். மருது குடுக்குறது அதுதான். சச்சா மட்டும் தனியா ஒண்ணு செய்வாரு. பச்சைப் பயற ஊறவெச்சு, நெய்யில பிரட்டி, மெளகு தட்டிப் போட்டு. குஞ்சு வெச்சிருக்கிற தாய்ப் புறாவுக்குத்தான் அது. மருதுவக்கூடத் தொட விடமாட்டாரு. அந்தத் தகர டப்பாவ மெட்ராசுக்கும் கையோட எடுத்துட்டுப் போனாரு, நேத்துத்தான் கொண்டாந்து பெட்டி மேல வெச்சாரு, இன்னும் தொறக்கக்கூட இல்ல."

அன்று மாலை நல்லகாமன் காவல் நிலையத்துக்குப் போய்க் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த மருதுவைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். குஞ்சுகளுக்குக் கடைசியாக எப்போது இரை கொடுத்தாய்?

"சனிக்கிழம பொழுது சாயுறப்பங்க. கம்பு மாவுதான். ஞாயித்துக்கிழம காலையில குடுக்க விடலையே. செத்துப்போச்சாய்யா ரெண்டும்?"

"இல்ல, நல்லா இருக்கு" என்றார் நல்லகாமன். மருது கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். வெளியே வந்து, தன்னிடம் ஒரு காலத்தில் வேலை கற்ற சப்-இன்ஸ்பெக்டர் சோணைமுத்துவிடம், மறுநாள் காலை அந்த வீட்டு மாடிக்கு வரும்படி கேட்டுக்கொண்டார்.

புதன்கிழமை காலை மாடியில் எல்லோரும் கூடினார்கள். சோணைமுத்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சுலைமான் கூட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லத்தீபா மாடிப்படி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால், படியின் திருப்பத்தில் ஒரு திரை கட்டி, அஜ்மல் பீவி நாற்காலியில் அமர்ந்திருந்தார். முத்துத்தாய் பிள்ளைகளோடு கீழே காத்திருந்தாள். சிக்கந்தர் எந்த நிமிஷமும் கொலைகாரனைப் பாய்ந்து பிடிக்கத் தயாராக நின்றார். யாரைப் பிடிப்பது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

நல்லகாமன் நின்றபடியே பேசினார்.

"இங்க வந்தவன் புறாவத் திருடத்தான் வந்தான். கூடு தொறந்திருந்துச்சு, கூடை தயாரா இருந்துச்சு. பாய் முழிச்சு மேல வந்தாரு, கைகலப்புல விழுந்துட்டாரு. வந்தவனுக்குக் கொல்ற எண்ணம் இருந்ததா நான் நெனக்கல. இந்தப் புறாக்கள் கொழும்புக்குப் போகக் கூடாதுன்னு நெனச்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தன் மருது. இன்னொருத்தரு மெட்ராஸ்ல இருந்தாரு. மெட்ராஸ்ல இருந்தாருங்கிறதுக்கு என்ன சாட்சி?"

"தந்தி இருக்கு. புறா இருக்கு" என்றார் சோணைமுத்து.

"தந்தி யாரு வேணும்னாலும் குடுக்கலாம். ரயில்ல கூட வந்த ஒரு பிரயாணிகிட்ட, 'ஞாயித்துக்கிழம காலையில இத அடிச்சுருங்க'ன்னா மாட்டேன்னா சொல்லுவான்? ஆனா புறாவ இன்னொருத்தங்கிட்டக் குடுத்து விட முடியாது. சுலைமான் பாய் நூரிய இன்னொருத்தன் கையில குடுப்பாரா?"

"மாட்டாரு" என்றார் சிக்கந்தர் முந்திக்கொண்டு.

"ஆக எல்லாம் நூரியிலதான் இருக்கு. எரநூத்தி அறுவது மைலு பறந்து வந்த புறா எப்படி இருக்கும்னு நேத்து பாயே சொன்னாரு. முந்தின நாள் தின்னதுதான், இரைப்பை காலி. தாகத்துல தொண்டை காஞ்சு வரும். லத்தீபா தண்ணி நெறச்சு வெச்சிருந்தா. நூரி அதத் திரும்பிக்கூடப் பாக்கல. தாகமே இல்லாம வந்திருக்கு."

"பிள்ளைங்க ஞாபகத்துல..." என்று லத்தீபா தொடங்கினாள்.

"நானும் மொதல்ல அப்படித்தாம்மா நெனச்சேன். ஆனா பிள்ளைங்களுக்கு அது என்ன குடுத்துச்சு? புறா தன் இரைப்பையில இருக்கிறதத்தான் குஞ்சு வாயில கக்கி ஊட்டும். காலையில இருந்து கத்துன குஞ்சு, நூரி வந்ததும் அடங்கிருச்சு. தாயப் பாத்த சந்தோசத்துல அடங்குனா கொஞ்ச நேரத்துல மறுபடி கத்தும். அஸர் வரைக்கும் சத்தமே இல்லேன்னு உங்க அம்மா சொன்னாங்க. வயிறு நெறஞ்சாத்தான் பசிச்ச பிள்ளை தூங்கும். சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? மெட்ராஸ்ல இருந்து வெறும் வயித்தோட வந்த புறா, ரெண்டு குஞ்சு வயித்த எதக் கொண்டு நெறச்சுச்சு?"

சுலைமான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோணைமுத்து யோசித்தார். "வழியில எங்கயாச்சும் வயல்ல எறங்கி மேஞ்சிருக்கலாம்லங்க?"

"எறங்கி மேஞ்சிருந்தா சாயங்காலம் வந்திருக்கணும். ஒரு நொடி பிந்தலன்னு பாயே சொல்றாரு. அதோட இதையும் பாருங்க." நல்லகாமன் கைக்குட்டையைப் பிரித்தார். காய்ந்து சுருங்கிய நான்கைந்து பயறுகள். சோணைமுத்து ஒன்றை எடுத்து விரலில் நசுக்கி மோந்து பார்த்தார். "குஞ்சுக்கு ஊட்டும்போது வெளிய சிந்துனது. ஊறுன பச்சைப் பயறு, நெய்யில பிரட்டி மெளகு போட்டது. எந்த வயக்காட்டுல நெய் வெளையுது? மருது குடுத்தது கம்பு மாவு. இந்தப் பயறு இருந்த டப்பா வெள்ளிக்கிழமையே வீட்ட விட்டுப் போயிருச்சு, திங்கக்கிழமதான் திரும்பி வந்துச்சு, வந்த பிறகு அத யாரும் தொறக்கல. அந்த டப்பாவ வெச்சிருந்தவரு ஞாயித்துக்கிழம பகல்ல, லுஹருக்குக் கொஞ்சம் முன்ன, மதுரைக்குப் பக்கத்துல எங்கயோ உக்காந்து, நூரிக்கு வயிறு நெறையக் குடுத்து, தண்ணியும் காட்டித்தான் விட்டிருக்காரு."

சிக்கந்தரின் வாய் முதன்முறையாகத் திறந்தபடியே பேச்சின்றி நின்றது.

"புறாக்காரன் செய்யாத காரியம்னு நீங்களே சொன்னீக பாய். தூரத்துல இருந்து வர்ற புறா மாதிரி காட்டணும்னா அதப் பட்டினி போட்டிருக்கணும். உங்களால முடியல. ஏன்னு நான் சொல்லவா, நீங்க சொல்றீகளா?"

சுலைமானின் தோளில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. அவர் அதை விரட்டவில்லை.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அஜ்மல் பீவியின் குரல் வந்தது. அதில் கோபம் இருந்திருந்தால் சுலைமான் தாங்கியிருப்பாரோ என்னவோ.

"தம்பி, பக்கத்துலயா இருந்தீங்க? உங்க அண்ணன மூணு மணி நேரம் வெச்சுக்கிட்டுக் காத்திருந்தோம், மெட்ராஸ்ல இருந்து வர முடியாதேன்னுதான் தூக்குனோம். பக்கத்துல இருந்துக்கிட்டா ஒரு பிடி மண்ணு போட வரல?"

சுலைமான் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"திருவாதவூர்ல இருந்தேன் மதினி. கம்மாக்கரைப் பனங்காட்டுல. திண்டுக்கல்லுலயே ரயிலவிட்டு எறங்கிட்டேன். புறாவ எடுத்துட்டுப் போயி அங்க வெச்சிரலாம்னுதான் நெனச்சேன். வேற ஒண்ணும் நெனக்கல. அண்ணன் மேல வந்து என் சட்டையப் புடிச்சாரு. இருட்டுல என்னைய அடையாளம் தெரிஞ்சுதோ தெரியலையோ. நான் தள்ளுனேன். விடுங்கன்னு தள்ளுனேன். சுவரு முழங்கால் உசரந்தான்னு எனக்குத் தெரியாதா? அந்த நேரம் தெரியலையே."

"நூரிக்கு ஏன் இரை குடுத்தீக?" என்றார் நல்லகாமன்.

"மருதுவப் புடிச்சுட்டாங்கன்னு காலையில சந்தைக்கு வந்தவன் சொன்னான். குஞ்சுக்கு யாரு குடுப்பா? ஒரு பகல் தாங்காதே அதுக. நூரி வெறும் வயித்தோட போனா அதுகளுக்கு என்னத்தக் குடுக்கும்?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "தப்புன்னு தெரிஞ்சுதான் குடுத்தேன். யாரு போயி இரைப்பையப் பாக்கப் போறான்னு நெனச்சேன்."

சோணைமுத்து அவரை எழுப்பினார். கைவிலங்கை வெளியே எடுத்தவர், நல்லகாமனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது திரை விலகாமல் அசைந்தது. அஜ்மல் பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதிருக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் மருதுவை விட்டுவிட்டார்கள். காவல் நிலைய வாசலில், உள்ளே கொண்டுபோகப்படும் சுலைமானும் வெளியே வரும் மருதுவும் எதிரெதிராக நின்றார்கள். மருதுவுக்குக் கைகூப்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை; பழக்கம் அவன் கைகளைக் கூப்ப வைத்தது.

சுலைமான் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "மருது, டப்பா என் பெட்டிக்கு மேல இருக்கு. பயற ராத்திரியே ஊறப் போடு. நெய்யி ரொம்ப வேண்டாம். குஞ்சுக்குச் செமிக்காது."

"சரிங்க மொதலாளி" என்றான் மருது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற முத்துத்தாய் ஓரடி முன்னால் வந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அந்த ரெண்டு குஞ்சு பட்டினி கெடக்குமேன்னு பனங்காட்டுல இருந்து எரை குடுத்துவிட்டீகளே மொதலாளி. எங்க வீட்டுலயும் ரெண்டு கெடந்துச்சு. அதுகளுக்கு என்ன குடுத்துவிடலாம்னு இருந்தீக?"

அவள் இடுப்பிலிருந்த பிள்ளை சுலைமானுடைய வெள்ளைத் தொப்பியைப் பார்த்துக் கையை நீட்டியது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு சோணைமுத்து தோளைத் தொட, உள்ளே போனார்.

திரும்பும் வழியெல்லாம் சிக்கந்தர் பேசவில்லை. காளவாசல் சூளைப் புகை தெரியத் தொடங்கியபோதுதான் வண்டியை மெதுவாக்கிக்கொண்டு கேட்டார்.

"அண்ணே, அவரு அந்தப் பயறக் குடுக்காம இருந்திருந்தா?"

"மருதுவத் தூக்குல போட்டிருப்பாங்க" என்றார் நல்லகாமன்.

குதிரை தானாகவே வீட்டு வாசலில் போய் நின்றது.